உங்களுக்குத் தெரியுமா? பெர்கனின் எழுத்துக் குச்சிகள்

நார்வேயின் பெர்கன் நகரில் சொகுசுக் கப்பல்கள் சில மணி நேரமே நிற்கும். இறங்கியவர்கள் குடையை மறக்காமல் (ஆண்டில் 200 நாளுக்கு மேல் மழை!) நேரே போவது 'பிரிக்கன்' படகுத்துறைக்கு. யுனெஸ்கோ 1979-இல் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற மர வீடுகளின் வரிசை அது. ஹன்சா கூட்டணியின் ஜெர்மானிய வணிகர்கள் இங்கே கருவாடு வாங்கித் தானியம் விற்றார்கள். தீப்பிடிக்கும் என்ற பயத்தில், குளிர்காலத்திலும் கிடங்குகளில் அடுப்பு மூட்டத் தடை. அப்படியும் 1702-இல் எல்லாம் எரிந்தது. பழைய அடித்தளத்தின் மேலேயே மீண்டும் கட்டினார்கள்.

1955-இல் மறுபடி தீ. ஒரு பகுதி சாம்பல். ஆனால் அந்த இடத்தைத் தோண்டியபோது ரூன் எனும் பழைய வட ஐரோப்பிய எழுத்தில் 600-க்கும் மேற்பட்ட பொறிப்புகள் கிடைத்தன. பெரும்பாலும் மரக்குச்சிகள். மன்னர் புகழ் பாடும் கல்வெட்டுகள் அல்ல. சரக்கு மூட்டையில் கட்டிய பெயர்ச்சீட்டு, வணிகக் கடிதம், காதல் வரி என அன்றாடச் சங்கதிகள். ஒன்றில் கீடா என்ற பெண் யாரையோ வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள்! அகழாய்வு நடந்த இடத்திலேயே எழுந்த பிரிக்கன் அருங்காட்சியகம் கப்பல் நிற்குமிடத்திலிருந்து நடை தூரம்தான். கடைத்தெருவைவிட இதற்கே முதலிடம் தரலாம்.