மலையேறும் முன் மாதத்தைப் பாருங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக் கிளம்புபவர்கள் முதல் வேலையாக ஷூ கடைக்குப் போகிறார்கள். அதற்கு முன் காலண்டரைப் பார்ப்பது நல்லது. ஒரே பாதைதான், ஜனவரியில் கட்ட வேண்டிய மூட்டை வேறு, ஜூலையில் வேறு.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை அஞ்ச வேண்டியது காட்டுத்தீக்கு. பனியில் காய்ந்த புல்லும் சருகும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாகப் பாயும். கீழே எரியும் நெருப்பு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடுகிறது. அதனால் உச்சியை நோக்கி ஓடித் தப்பிக்க நினைப்பதுதான் பெரிய ஆபத்து. புல் இல்லாத பாறையோ, ஏற்கெனவே எரிந்து முடிந்த இடமோதான் பாதுகாப்பு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த மாதங்களில் வனத்துறை பாதையை மூடினால், ‘தெரிந்த ஆள் இருக்கிறார், கூட்டிப் போவார்’ என்ற பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள்.

ஜூன் முதல் வால்பாறை, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அட்டைக்கு நீளமான காலுறையும் கொஞ்சம் உப்பும் போதும். கடித்த இடத்தில் ரத்தம் உடனே நிற்காது, அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, அவ்வளவுதான். பயப்பட வேண்டியது ஓடைக்கு. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மழை கொட்டியிருக்கும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். கோடைமழையிலும் ஓடை இப்படித் திடீரென்று பெருகும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவு பயமும் சேர்ந்துகொள்ளும்.

டிசம்பர் கடைசியும் ஜனவரியும் நடப்பதற்கு அருமையான நாட்கள். ஆனால் மேகமில்லாத இரவில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். கூடாரத்தைப் பள்ளத்தில் போடாமல் சற்று மேட்டில் போடுங்கள். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லிய உடைகள் இரண்டு மூன்று மேல். ஏறும்போது வியர்க்கும் முன்பே ஒன்றைக் கழற்றிவிடலாம். பருத்தி பனியன் நனைந்தால் உலராது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

எந்த மாதமானாலும், எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் இறங்குவீர்கள் என்று அடிவாரத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். மேலே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.