திரையில் மின்னிய பச்சை தாளில் மங்குவது ஏன்?

பள்ளி ஆண்டு மலருக்கு நீங்கள் கணினியில் ஓர் அட்டைப்படம் தயாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் தளிர்ப்பச்சை பளிச்சென்று மின்னுகிறது. அச்சாகி வந்த தாளிலோ அதே பச்சை வாடிய இலைபோல் இருக்கிறது! அச்சகத்தாரைக் குறை கூறுமுன், ஒளி என்ன செய்கிறது என்று பார்ப்போமா?

கைபேசித் திரையை வெண்மையாக வைத்துக்கொண்டு, அதன்மேல் ஊசிமுனையால் ஒரு சிறு நீர்த்துளியை வையுங்கள். துளி குவிலென்சாக வேலை செய்யும். வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தென்படும். இம்மூன்று ஒளிகளையும் வேண்டிய அளவில் கூட்டியே திரை எல்லா நிறங்களையும் காட்டுகிறது. 1861-இல் லண்டனில் மாக்ஸ்வெல், ஒரு வண்ண ரிப்பனின் மூன்று புகைப்படங்களை இம்மூன்று நிற ஒளிகளில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வீழ்த்திக் காட்டியதும் இதே தத்துவந்தான். கணினியில் இதற்கு ஆர்.ஜி.பி. முறை என்று பெயர்.

தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. அதன்மேல் விழும் வெள்ளொளியில் ஒரு பகுதியை மை விழுங்கிவிட, மீதிதான் நம் கண்ணுக்கு வருகிறது. அங்கே கூட்டல், இங்கே கழித்தல்! சயான் என்னும் பசுநீல மை சிவப்பொளியை விழுங்கும். மெஜந்தா பச்சையையும், மஞ்சள் நீலத்தையும் விழுங்கும். ஆகவே பச்சை வேண்டுமானால் சயானும் மஞ்சளும் சேர வேண்டும். சயான் மை சிவப்பை மட்டும் விழுங்கினால் தொல்லையில்லை. அது பச்சையிலும் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடுகிறது. தளிர்ப்பச்சை வாடுவது இதனால்தான். மூன்று மைகளும் சேர்ந்தால் கறுப்பு வர வேண்டும் அல்லவா? வருவதோ சேற்றுப் பழுப்பு. எனவே நான்காவதாகக் கறுப்பு மையையும் சேர்த்தார்கள். இதுவே சி.எம்.ஒய்.கே. முறை. அச்சகத்துக்கு அனுப்புமுன் படத்தை இம்முறைக்கு மாற்றிப் பார்த்தால், எந்த நிறம் மங்கும் என்பது ஓரளவு திரையிலேயே தெரிந்துவிடும். அப்போதே வேறு நிறம் தேர்ந்துகொள்ளலாம்.

அடுத்து, புள்ளிக் கணக்கு. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்று அச்சகத்தார் கேட்பார்கள். இது அவர்கள் பிடிவாதம் அன்று. நல்ல கண், ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு கோணம் வரைதான் இரு புள்ளிகளைப் பிரித்தறியும். 30 செ.மீ. தொலைவில் இது ஏறத்தாழ 0.09 மி.மீ. ஓர் அங்குலமாகிய 25.4 மி.மீட்டரை 300-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.085 மி.மீ.! ஆகவே 1200 புள்ளி அகலமுள்ள படம் தாளில் 4 அங்குலத்துக்குத்தான் தாங்கும். அதை 8 அங்குலத்துக்கு இழுத்தால் புதுப் புள்ளிகள் எங்கிருந்து வரும்?

கோப்பு வகையிலும் கவனம் தேவை. 1992-இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக், படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் கவனிக்காத நுண்மாற்றங்களை விட்டுவிடுகிறது. முகத்துக்கும் மேகத்துக்கும் இது போதும். ஆனால் எழுத்தின் கூர்மையான விளிம்பைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும். திருத்தித் திருத்தி மறுபடி சேமித்தால் இழப்பும் ஏறும். பி.என்.ஜி. எதையும் இழப்பதில்லை, ஆனால் அதில் சி.எம்.ஒய்.கே. முறைக்கு இடமில்லை. டிஃப் வகைக் கோப்பில் இரண்டும் உண்டு. கோப்பு பெரிதாகும், ஆகட்டுமே! பள்ளிச் சின்னம், தலைப்பெழுத்து போன்றவற்றைப் புள்ளிகளாக அல்லாமல் கோடு, வளைவு இவற்றின் கணக்காகவே பி.டி.எஃப்.பில் வைப்பது மேல். எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு கெடாது. படத்தை வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும். ஆவணமாக அனுப்ப வேண்டும்.

சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை ஒன்றே போதும். நான்கு மைகளையும் கலந்து கறுப்பாக்கினால், ஒரு தகடு மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் வேறு நிறம் எட்டிப்பார்க்கும். வீட்டுக்கு வரும் வண்ணச் செய்தித்தாளின் ஓரத்தைப் பாருங்கள். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு சிறு பொட்டுகள் பெரும்பாலும் இருக்கும். நான்கு மைகளையும் கண்காணிக்க அச்சகத்தார் இட்ட பொட்டுகள் அவை. பிறகு ஒரு பூதக்கண்ணாடியால் அதே பக்கத்துப் படத்தைப் பாருங்கள். அந்த நான்கு நிறப் புள்ளிகள் மட்டுமே அங்கே இருக்கும்.