கந்தோர் ஒரு குடும்பமா?

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்” என்பது யாழ்ப்பாணத்தார் நாவிற் பழகிய வார்த்தை. அரசாங்க உத்தியோகம் ஒருமுறை கைகூடிவிட்டால் ஓய்வூதியம்வரை அசைவில்லை என்னும் நம்பிக்கையே அவ்வார்த்தையின் உயிர். இன்று நம் மாணவர் பலர் தனியார் கம்பனிகளை நாடிச் செல்கின்றனர். உத்தியோகம் மாறிற்று, பழைய நம்பிக்கையோ மாறவில்லை. அதனால் விளையும் துன்பத்தை 2022ஆம் ஆண்டிலே நாம் நேரிற் கண்டோம்.

நம்மிடம் கணக்கியல் கற்ற மாணவர் ஒருவர், 2005ஆம் ஆண்டிலே கொழும்பிற் கட்டிடப் பொருள்களை இறக்குமதி செய்யும் கம்பனியொன்றிற் சேர்ந்தார். “நாமெல்லாரும் ஒரே குடும்பம்” என்பது அங்கே முகாமையாளர் அடிக்கடி கூறும் வாசகம். புத்தாண்டுக்குப் பலகாரமும், வருடத்தில் ஒருமுறை நுவரெலியாவுக்குச் சுற்றுலாவும், பிள்ளை பிறந்தாற் பரிசும் உண்டு. ஆனால், மாலை ஐந்து மணிக்குக் கதிரையை விட்டு எழுபவர் குடும்பப்பற்று இல்லாதவராகக் கருதப்படுவார். இரவு எட்டு மணிவரை இருந்து வேலை செய்தாலும் மேலதிகச் சம்பளம் கேட்பது மரியாதையன்று. குடும்பத்துக்குள்ளே கணக்குப் பார்ப்பார் உண்டோ? மகளின் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு இருமுறை செல்லாது, களஞ்சியக் கணக்கெடுப்பிலேயே நம் மாணவர் நின்றார். அதனைத் தியாகம் என்றே அவர் எண்ணினார்.

2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்திற்று. டொலர்த் தட்டுப்பாட்டால் இறக்குமதி சுருங்கியது. கம்பனி ஆட்குறைப்புச் செய்யத் தீர்மானித்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை நம் மாணவரை அழைத்து, முன்னரே தட்டச்சிட்டு வைத்திருந்த கடிதமொன்றை நீட்டினர். “என் சொந்த விருப்பின்பேரில் விலகுகின்றேன்” என்பது அதன் சாரம். கையொப்பமிட்டால் மூன்று மாதச் சம்பளம் நன்கொடையாம். யோசிப்பதற்கு இரண்டு வார அவகாசமாம். அதுவரை கந்தோருக்கு வரவேண்டியதில்லையாம்.

வெள்ளவத்தையிலுள்ள தம் வீட்டாருக்கு அவர் இதனைச் சொல்லவில்லை. நாடோறும் காலையிற் சோற்றுப் பொதியுடன் புறப்பட்டுக் கடற்கரையில் அமர்ந்திருந்து மாலையில் வீடு திரும்பினார். பத்தாம் நாள், தாயாரைப் பார்க்கும் சாட்டில் ஊருக்கு வந்தவர், இரவு நம் வீட்டுக்கு வந்தார்.

“சேர், பதினேழு வருடம். நான் எழுந்து வரும்போது ஒருவராவது வாசல்வரை வரவில்லை” என்றார். பணத்தைப்பற்றி ஒரு சொல்லும் அவர் பேசவில்லை.

நாம் இரண்டு கேள்விகள் கேட்டோம். “தம்பி, வீட்டிலே சொன்னீரா?” “இல்லை.” “கையொப்பம் வைத்துவிட்டீரா?” “இல்லை.” இரண்டாவது விடை நமக்கு ஆறுதல் அளித்தது.

ஏனெனில், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று நம் நாட்டில் உண்டு. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணம் இன்றி ஊழியரை நீக்குவதாயின், ஒன்றில் ஊழியரின் எழுத்து மூலமான சம்மதத்தைப் பெறல்வேண்டும்; அன்றேல் தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான அனுமதியை முன்கூட்டியே பெறல்வேண்டும். ஆணையாளர் நிர்ணயிக்கும் நட்டஈட்டுக்குப் படிமுறையும் உண்டு. முதல் 5 வருடங்களுக்கு வருடமொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். 6 முதல் 14ஆம் வருடம்வரை இரண்டு மாதம். 15 முதல் 19 வரை ஒன்றரை மாதம். பதினேழு வருடச் சேவைக்கு 35 மாதச் சம்பளம் ஆகின்றது. மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு ஒன்று இருப்பினும், மூன்று மாதம் எங்கே, முப்பத்தைந்து மாதம் எங்கே! தாமாகவே விலகியதாக எழுதிக் கொடுத்தவர் பின்னர் இப்பாதுகாப்பைக் கோருவது மிகக் கடினம்.

பணிக்கொடை இதனின் வேறானது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள நிறுவனத்தில் 5 வருடம் நிறைந்த மாதச் சம்பளக்காரருக்கு, வருடமொன்றுக்கு அரைமாதச் சம்பளம் உரியது. தாமாக விலகினாலும் அது உண்டு. ஊழியர் சேமலாப நிதியோ, பொதுவாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலுமே முழுமையாகக் கைக்கு வருவது. வேலை போன மறுமாதச் செலவுக்கு அதனை நம்பியிருத்தல் கூடாது.

மறுவாரம் அவர் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்துக்குச் சென்று விசாரித்தார். பின், “இக்கடிதத்திற் கையொப்பமிட இயலாது, சட்டப்படி ஆவன செய்யுங்கள்” என்று கம்பனிக்குப் பணிவாக எழுதினார். சில மாதம் இழுபறிப்பட்டது. ஈற்றில் படிமுறைப்படி நட்டஈடு கிடைத்தது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அதே வெள்ளிக்கிழமை அதே கடிதத்திற் கையொப்பமிட்ட அவருடைய நண்பர், பணிக்கொடையும் மூன்று மாதச் சம்பளமும் பெற்று வீடு சென்றார். அவர் நம் மாணவரிலும் இரண்டு வருடம் மூத்த ஊழியர்.

முதற் கேள்வியின் முடிவையும் கூறவேண்டும். ஊரிலிருந்து திரும்பிய அன்றே அவர் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். “எனக்குத் தெரியும். பத்து நாளாக நீங்கள் கந்தோரைப்பற்றி ஒரு குறையும் சொல்லவில்லையே” என்றாராம் அந்த அம்மையார். பின்னர் இருவருமாக இருந்து மாதச் செலவைக் கணக்குப் பார்த்தார்களாம். குடும்பத்திற் கணக்குப் பார்ப்பது மரியாதைக் குறைவன்று என்பதை அவர் அன்றுதான் அறிந்தார் போலும்.

முகாமையாளரை நாம் கொடியவர் என்று சொல்லமாட்டோம். அவர் சுற்றுலாவிற் சிரித்ததும் மெய்யே. கடிதத்தை நீட்டியதும் மெய்யே. கம்பனியென்பது இலாபநட்டத்தாற் கட்டப்பட்டது. நட்டம் வரும்போது அது ஆளைக் குறைக்கும். உழைப்புக்குச் சம்பளம் என்பதே அங்குள்ள உறவு. அவ்வுறவில் இழிவு ஒன்றுமில்லை. அதனைக் குடும்பம் என்று மயங்கி, மெய்யான குடும்பத்தை மறந்திருத்தலே தவறு.

இதிலே நம்மீதும் குற்றம் உண்டு. வேலைக்கு விண்ணப்பம் எழுதும் முறையை ஆண்டுதோறும் கற்பித்தோம். கையொப்பமிடுமுன் ஒரு கடிதத்தை எவ்வாறு வாசிப்பதென்று கற்பித்தோமில்லை. இப்பொழுது உயர்தர வகுப்பிலே ஒரு பாடவேளையை அதற்கென ஒதுக்கியுள்ளோம். நியமனக் கடிதத்தைப் பத்திரமாக வைத்தல், சம்பளச் சீட்டுக்களைச் சேர்த்தல், அவசரப்படுத்தும் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்தல் ஆகிய மூன்றையுமே அங்கே சொல்கின்றோம்.

அம்மாணவர் பின்னர் சிறிய கம்பனியொன்றிற் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார். அவ்வருடப் பரிசளிப்பு விழாவில் மகள் பரிசு பெறுவதை முன்வரிசையில் இருந்து பார்த்ததாக எமக்கு எழுதியிருந்தார்.