வளைவோட்டமும் மகிழுந்தின் சஸ்பென்ஷன் மாற்றங்களும்

மகிழுந்தின் சக்கரங்களையும் உடற்கூட்டையும் இணைக்கும் சுருள்வில், ஷாக் அப்சார்பர், கைகள், ரப்பர் புஷ்கள் ஆகியவற்றின் தொகுதி சஸ்பென்ஷன் அல்லது தொங்கலமைப்பு எனப்படுகிறது. வளைவுகளில் வண்டி அதிகம் சாயாமலும் தடம் விலகாமலும் செல்ல வேண்டும் என்பதற்காக இத்தொகுதியின் உறுப்புகளை மாற்றுவது முதலில் பந்தயக் கார்களின் வழக்கமாக இருந்தது. இன்று அது சாதாரணச் சாலைக் கார்களிலும் பரவியுள்ளது. தொழிற்சாலையில் பொருத்தப்படும் அமைப்பு சொகுசு, சுமை, விலை, மேடுபள்ளம் ஆகிய எல்லாவற்றுக்கும் இடையே செய்துகொண்ட ஓர் உடன்பாடு. அதில் ஒன்றை மாற்றினால் இன்னொன்று விட்டுப்போகும்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி செல்லும் 77ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். செஞ்சிக் கோட்டைக் குன்றுகளை ஒட்டிச் செல்லும் இச்சாலையில் நேரான நீண்ட பகுதிகளும், ஊர்களை நெருங்கும்போது வளைவுகளும் வேகத்தடைகளும் மாறி மாறி வருகின்றன. அறுவடைக் காலத்தில் சாலையோரம் நெல் உலர்த்துவது இப்பகுதிகளில் வழக்கம். அமாவாசையில் மேல்மலையனூருக்கும் பௌர்ணமியில் திருவண்ணாமலைக்கும் செல்லும் கூட்டத்தால் ஐந்து பேர் ஏறிய கார்கள் மிகுதி. பந்தயத் தடத்துக்கு ஏற்ற அமைப்பு இத்தகைய சாலையில் என்ன செய்யும் என்பதே கவனிக்க வேண்டிய கேள்வி.

வளைவில் நடப்பது என்ன

30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் ஒரு கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், அதன் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ 0.66 பங்கு. அதே வளைவில் வேகம் 60 ஆனால் அது 0.94 பங்காகிவிடும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் தேவைப்படும் பிடிமானம் 44 விழுக்காடு கூடுகிறது. சாதாரணச் சாலை டயர்கள் இந்த அளவைத் தாங்குவது அரிது. ஈரச் சாலையில் முடியவே முடியாது. இந்தக் கணக்கில் சுருள்வில்லுக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாலையைப் பிடித்திருப்பவை உள்ளங்கை அளவே தரையைத் தொடும் நான்கு டயர்கள் மட்டுமே.

திரும்பும்போது எடை உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு இடம்பெயர்கிறது. 1,000 கிலோ எடையும், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு மையமும், 1.5 மீட்டர் சக்கர இடைவெளியும் உடைய கார் 0.6 பங்கு முடுக்கத்தில் திரும்பினால் 200 கிலோ இடம்பெயரும். பக்கத்துக்கு 500 ஆக இருந்தது வெளிப்பக்கம் 700, உட்பக்கம் 300 என்றாகும். டயரின் மீது சுமை இரட்டிப்பானால் அதன் பிடிமானம் இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடும். ஆகவே எடை ஒரு பக்கம் குவியக் குவிய மொத்தப் பிடிமானம் குறைகிறது.

கடினமான சுருள்வில் போட்டால் இந்த இடம்பெயர்வு குறையும் என்பது பரவலான நம்பிக்கை. அது சரியன்று. வில் எவ்வளவு கடினமானாலும் இடம்பெயரும் எடை கிட்டத்தட்ட அதே 200 கிலோதான். புவியீர்ப்பு மையத்தின் உயரமும் சக்கர இடைவெளியுமே அதைத் தீர்மானிக்கின்றன. வில் குறைப்பது உடற்கூட்டின் சாய்வை. சாய்வு குறைந்தால் சக்கரம் தரையோடு ஒட்டிநிற்கும் கோணம் காக்கப்படுகிறது, ஸ்டியரிங் திருப்பியதும் வண்டி விரைந்து பதிலளிக்கிறது. ஓட்டுநருக்குக் கிடைக்கும் உறுதியான உணர்வு உண்மையானதே. ஆனால் அந்த உணர்வு கூடிய அளவுக்குப் பிடிமானம் கூடியிருப்பதில்லை.

தண்டும் வில்லும்

ஆன்டி-ரோல் பார் எனப்படும் சாய்வுத் தடுப்புத் தண்டு இடது, வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குத் தண்டு. அதன் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 20 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதில் 22 மில்லிமீட்டர் தண்டைப் பொருத்தினால் கடினம் சுமார் 46 விழுக்காடு உயர்கிறது. முன் அச்சு, பின் அச்சு ஆகிய இரண்டில் எது கடினமாக உள்ளதோ அது எடை இடம்பெயர்வில் பெரும்பங்கை ஏற்று, பிடிமானத்தை முதலில் இழக்கும். முன்சக்கர இயக்கமுடைய சிறிய கார்கள் வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளிச் செல்லும்படியே வடிவமைக்கப்படுகின்றன. அப்போது வேகத்தைக் குறைத்தால் வண்டி தானாகத் தடத்துக்குத் திரும்பும். பின்பக்கத் தண்டைப் பருமனாக்கினால் இத்தள்ளல் குறையும். ஆனால் மழையில், வளைவின் நடுவே பதறி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் சுழன்றுவிடும் வாய்ப்பும் கூடவே வருகிறது. பழகாத ஓட்டுநருக்கு முன்னது மிகவும் பாதுகாப்பானது.

வண்டியைத் தாழ்த்துவது புவியீர்ப்பு மையத்தை இறக்குகிறது. மேற்கண்ட காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால் 200 கிலோ 184 ஆகிறது. ஆதாயம் 16 கிலோ. இதற்குச் செலுத்தும் விலை சிறிதன்று. மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் வண்டி தாழும்போது, அது சாயும் அச்சான உருளல் மையம் புவியீர்ப்பு மையத்தைவிட அதிகமாக இறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் நீள்வதால், வில்லும் போதிய அளவு கடினமாகாவிட்டால் தாழ்த்திய கார் முன்னைவிட அதிகம் சாயும். அதோடு சக்கரம் மேலெழும் இடம் குறைந்து, தட்டும் ரப்பரில் வண்டி அடிக்கடி மோதும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் பரிந்துரைக்கும் வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். ஊராட்சிச் சாலைகளில் அதைவிட உயரமானவையும் உண்டு. ஐந்து பேரும் சாமான்களும் ஏறி ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் காரின் அடிப்பாகம் எங்கே போய் இடிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. செலவை மிச்சப்படுத்த சுருள்வில்லின் சுற்றுகளை அறுத்துவிடும் வழக்கம் இன்னும் மோசமானது. வில் தன் இருக்கையில் சரியாக அமராது, சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது நழுவியும் விடலாம்.

தடமும் சாலையும்

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலுள்ள மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுடையது. அதற்கு முன் சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்தன. தடத்தில் வேகத்தடை இல்லை, எதிர் வண்டி இல்லை. ஒரே வளைவு ஒவ்வொரு சுற்றிலும் அப்படியே வருகிறது. கடினமான வில் அங்கே பயன் தரும். குண்டுங்குழியுமான சாலையில் அதே வில் சக்கரத்தைத் தரையிலிருந்து துள்ள வைக்கிறது, துள்ளும் டயருக்குப் பிடிமானமே கிடையாது. அத்தகைய வளைவில் மென்மையான அமைப்புடைய கார் வேகமாகவே செல்லக்கூடும்.

ஐந்தாறு ஆண்டுகள் ஓடிய காரில் பெரும்பாலும் தேவைப்படுவது மேம்பாடன்று, புதுப்பித்தலே. நல்ல டயர், சரியான காற்றழுத்தம், எண்ணெய் கசியாத ஷாக் அப்சார்பர், வெடிப்பில்லாத புஷ்கள் ஆகியவை பல ஆயிரம் ரூபாய் உதிரிபாகங்கள் தருவதைவிட அதிகப் பயன் தரும். கூடுதலாக ஒன்று வேண்டுமெனில் அதே உயரத்துக்கான, சற்றுக் கெட்டியான தரமான ஷாக் அப்சார்பர் போதும். அது வில்லின் ஆட்டத்தை விரைவில் அடக்கி, அடுத்தடுத்து வரும் இட, வல வளைவுகளில் வண்டி அலைபாய்வதைத் தடுக்கிறது. எதை மாற்றினாலும் பிறகு சக்கரக் கோணங்களை அலைன்மென்ட் பொறியில் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய டயர் ஒருபக்கமாகத் தேயும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. தேய்ந்த உறுப்புக்குப் பதில் அதே அளவிலான புதியதைப் பொருத்துவதில் சிக்கல் இல்லை. வண்டியின் உயரத்தையே மாற்றும் வேலை தகுதிச் சோதனையிலும், விபத்துக்குப் பின் காப்பீட்டு இழப்பீடு கோரும்போதும் கேள்விக்குள்ளாகலாம்.