எரிந்த காட்டின் தழைச்சத்து

ஸ்வீடனின் வடபகுதியில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி, ஹோர்னாவான், உட்யாவுரே என்று இரண்டு பெரிய ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் சிறிதும் பெரிதுமாகப் பல தீவுகள். பெரிய தீவில் மின்னல் விழ வாய்ப்பு அதிகம். அதனால் அடிக்கடி எரியும். சின்னத் தீவுகளில் சில 5,000 ஆண்டுகளாகத் தீயையே காணாதவை. 1990களில் டேவிட் வார்டில், ஓலே சாக்ரிசன் ஆகிய சூழலியலாளர்கள் இவற்றை ஒப்பிட்டார்கள். எரியாத தீவுகளின் மண்ணில்தான் தழைச்சத்தான நைட்ரஜன் நிறைய இருந்தது. ஆனால் மரங்களின் வளர்ச்சியோ அங்கேதான் மந்தம்.

காரணம் குளிரும் மண்ணின் புளிப்பும். உதிர்ந்த ஊசியிலைகளும் குறும்புதர்களின் தழையும் லேசில் மட்குவதில்லை. அவற்றிலுள்ள பீனால் வகைப் பொருள்கள், நைட்ரஜன் அடங்கிய புரதத்தைக் கட்டிப்போடுகின்றன. பத்தாயத்தில் நெல் இருந்தும் சாவி தொலைந்த வீட்டின் நிலைமைதான் அந்த மரங்களுக்கு.

தீ வந்தால் முதலில் இழப்புதான். சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும், மட்கிலுள்ள நைட்ரஜன் வாயுவாகப் பறக்கத் தொடங்கும். ஆனாலும் எஞ்சிய மண்ணில் அம்மோனியம் திடீரென்று கூடுகிறது. வெந்த மட்கும் மடிந்த நுண்ணுயிர்களும் விட்டுச்சென்றது அது. நைட்ரேட் பிறகுதான் வரும், ஏனென்றால் அதை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருக வேண்டும். அவை பெருக வழிவிடுவது சாம்பலும் கரியும். சாம்பல் புளிப்பைத் தணிக்கிறது. கரித்துண்டின் நுண்துளைகள் பீனால்களை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கின்றன. எரிந்து கருத்த தரையில் அந்தக் கரி செய்யும் வேலை எனக்குத் தீராத வியப்பு.

நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, மழையோடு இறங்கிவிடும். தீக்குப் பிறகு முளைத்து இளஞ்சிவப்பாகப் பூக்கும் ஃபயர்வீட் செடியும், பெருகும் நுண்ணுயிர்களும் அதில் பெரும்பங்கைப் பிடித்துவைக்கின்றன. சில ஆண்டுகளில் அந்த நைட்ரஜன் பெருக்கு அடங்கிவிடும்.

காற்றில் போனதை மீட்பது யார்? தரையை மெத்தைபோல் மூடும் இறகுப்பாசி. அதன் இலைகளில் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாக்டீரியா, முதிர்ந்த காட்டில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஒன்றரை முதல் 2 கிலோ நைட்ரஜனைக் காற்றிலிருந்து சேர்ப்பதாக 2002இல் தெரியவந்தது. எரிந்த புதிதில் அந்த வரவு மிகக் குறைவு. ஹெக்டேருக்கு 200 கிலோ போயிருந்தால், ஈடுகட்ட நூறாண்டு போதாது.

இந்தக் கணக்கு இன்று ஏன் முக்கியம்? 2023இல் கனடாவில் சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்தது. ஒரு தீ பூட்டைத் திறக்கும். பாசி தழைக்கும் முன்பே வரும் அடுத்த தீ, சேமிப்பையே தின்னும். அப்படி மீண்டும் எரியும் இளங்காடுகளைத்தான் இப்போது கவலையோடு பார்க்க வேண்டியிருக்கிறது.