பதற்றத்தின் அளவறிந்து பேசுவோம்

நெஞ்சு படபடக்கிறது, கை கால் வெடவெடக்கிறது, வயிற்றைப் பிசைகிறது: மருத்துவமனைக்கு வருகிறவர்கள் தங்கள் பதற்றத்தைப் பெரும்பாலும் இந்தச் சொற்களில்தான் சொல்கிறார்கள். அதை முதலில் காதில் வாங்குபவர் பல நேரம் செவிலியர்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் சுமார் 30 கோடிப் பேர் பதற்ற நோய்களோடு வாழ்ந்தார்கள். சிகிச்சை தேவைப்படுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கிறது. எந்த நோய் என்று பெயர் சூட்டுவதற்கு முன்பே, எதிரில் இருப்பவரின் பதற்றம் இந்த நிமிடம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். ஏனென்றால் ஓர் அளவில் தைரியம் தரும் பேச்சு, இன்னோர் அளவில் காதிலேயே ஏறாது.

நான்கு படிகள்

அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ், செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவுதான் செவிலியப் பணியின் மையம் என்று 1952இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். பதற்றத்தை அவர் நான்கு படிகளாகப் பிரித்தார். லேசான பதற்றத்தில் கண்ணும் காதும் கூர்மையாகின்றன. தேர்வுக்கு முன் மாணவரைப் படிக்க வைப்பது இதுதான். நடுத்தரப் பதற்றத்தில் கவனம் சுருங்குகிறது. ஆனாலும் ஒருவர் எடுத்துச் சொன்னால் புரியும், கற்றுக்கொள்ளவும் முடியும். கடுமையான பதற்றத்தில் மனம் ஏதோ ஒரு சிறு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடும். மறுநாள் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர் இந்த நிலையில் இருந்தால், செவிலியர் பத்து அறிவுரை சொன்னாலும் தலையாட்டுவாரே தவிர, ஒன்றும் மனதில் தங்காது. நான்காவது படி பீதி. அங்கே யோசிக்கும் திறனே நிலைகுலைந்துபோகிறது.

பீதியின் பிடியில்

பீதி ஏறும்போது மூச்சு வேகவேகமாக வாங்குகிறது. அதனால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைகிறது. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியுள்ள இடமும் மரத்துப்போகின்றன, தலை சுற்றுகிறது, சில நேரம் விரல்கள் மடங்கி இறுகிவிடுகின்றன. இதைக் கண்டு 'செத்துவிடுவேன்' என்ற பயம் கூடுகிறது; பயம் கூடக்கூட மூச்சு இன்னும் வேகமெடுக்கிறது. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தானாகவே தணியும் இந்தச் சுழலில் இருப்பவரிடம், 'ஈசிஜி நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டு நகர்வது, அவர் படும் வேதனையைப் பொய் என்று சொல்வதற்குச் சமம். அவருக்குத் தேவை தனியே விட்டுப்போகாத ஓர் ஆள், கூட்டமும் சத்தமும் குறைந்த இடம், நாலைந்து சொல்லில் முடியும் பேச்சு. 'நான் பக்கத்திலேயே இருக்கிறேன். என்னோடு சேர்ந்து மெதுவாக மூச்சை விடுங்கள்.' காரணம் கேட்பதும் விளக்கம் சொல்வதும் பதற்றம் நடுத்தர அளவுக்கு இறங்கிய பிறகு செய்ய வேண்டியவை.

அளவு வேறு, நோய் வேறு

விபத்துச் செய்தி கேட்ட தாய் பீதியின் எல்லைக்கே போகலாம். அதனால் அவருக்குப் பதற்ற நோய் என்று சொல்லிவிட முடியாது. மாறாக, ஒருவர் வெளியே அமைதியாகத் தெரிந்தாலும், பிள்ளை, பணம், வேலை என்று எல்லாவற்றையும் பற்றி ஆறு மாதத்துக்கு மேல் கட்டுப்படுத்த முடியாமல் கவலைப்பட்டு, தூக்கம் கெட்டு, உடல் சோர்ந்து, அன்றாட வேலையும் தடைப்பட்டால், அது பொதுப் பதற்ற நோயாக இருக்கலாம். எதிர்பாராமல் திரும்பத் திரும்பப் பீதி வந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற அச்சத்தில் வாழ்க்கையே சுருங்கினால் அது பீதி நோய். நாலு பேர் முன் நிற்கவே நடுங்குவது சமூகப் பதற்ற நோயாக இருக்கலாம். ஆக, அளவு இந்த நிமிடத்தின் கதை. நோய் பல மாதங்களின் கதை. செவிலியருக்கு இரண்டுமே தெரிந்திருக்க வேண்டும்.

எழும் கேள்விகள்

மாத்திரை இருக்கும்போது பேச்சு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மருந்து பலருக்குத் தேவை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பதற்ற நோய்க்கு வழக்கமாக முதலில் தரப்படும் மருந்துகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். உடனே தணிக்கும் சில மாத்திரைகளை நீண்ட நாள் எடுத்தால் உடல் அவற்றுக்கு அடிமையாகிவிடக்கூடும். மருந்து பலன் காட்டும்வரையிலான இடைக்காலத்தைத் தாங்கிப்பிடிப்பது பேச்சும் துணையும்தான். இதற்கெல்லாம் வார்டில் நேரம் ஏது என்பது அடுத்த கேள்வி. இது நியாயமான ஆதங்கம். ஒரு செவிலியர் எத்தனையோ பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் கடுமையான பதற்றத்தில் இருப்பவரிடம் சொன்னது வீணாகி, மறுபடி மறுபடி சொல்லத்தான் நேரம் போகிறது. முதலில் அவரை அமர்த்திவிட்டுச் சொன்னால் ஒரு தடவை போதும். மூன்றாவது கேள்விதான் மிக முக்கியமானது: எல்லாவற்றையும் பதற்றம் என்று தள்ளிவிட்டால் மாரடைப்பைக் கோட்டை விட்டுவிட மாட்டோமா? விடக்கூடும். தைராய்டு மிகையாகச் சுரப்பது, இரத்தச் சர்க்கரை குறைவது, ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சில மருந்துகள் ஆகியவையும் இதே படபடப்பைத் தரும். ஆகவே உடல் பரிசோதனை கட்டாயம் வேண்டும். பக்கத்தில் நின்று நிதானமாகப் பேசுவதற்கு அந்தப் பரிசோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கும் இதே பாடம்

'தைரியமாக இரு', 'வேறு எதையாவது நினை' என்று வீட்டார் சொல்வது அன்பினால்தான். லேசான பதற்றத்தில் அது உதவவும் செய்யும். படி ஏற ஏற, சொல் குறைய வேண்டும், துணை கூட வேண்டும். வாரக்கணக்கில் பதற்றம் அன்றாட வாழ்க்கையை முடக்கினால், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் 14416 எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். காய்ச்சல் என்று வருபவருக்கு முதலில் தெர்மாமீட்டர் வைத்து அளவு பார்க்கிறோம். படபடப்பு என்று வருபவருக்கும் அந்த மரியாதையைத் தர வேண்டும்.