அட்டைப்படம்: திரையின் ஒளியும் தாளின் மையும்

ஓர் இசை இதழுக்கு அட்டைப்படம் அமைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மேடையில் பாடகர், அவர்மேல் நீல விளக்கொளி, மேலே இதழின் பெயர் பளிச்சிடும் பச்சையில். கணிப்பொறித் திரையில் அது கண்ணைப் பறிக்கிறது. ஆயிரம் பிரதிகள் அச்சாகி வருகின்றன. பச்சை மங்கிக் கிடக்கிறது. நீலம் ஊதாவாகத் தெரிகிறது. பாடகரின் முகமோ கட்டம் கட்டமாக உடைந்திருக்கிறது! அச்சகத்தாரை நோவதா, மென்பொருளை நோவதா? இருவரையும் நோக வேண்டாம். காரணம் இயற்பியலில் இருக்கிறது.

முதலில் நிறத்தைக் கவனிப்போம். திரை நம் கண்ணுக்கு ஒளியை அனுப்புகிறது. அதன் ஒவ்வொரு படப்புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பகுதிகள் உண்டு. மூன்றும் முழுமையாக ஒளிர்ந்தால் வெண்மை. மூன்றும் அணைந்தால் கருமை. ஃபோட்டோஷாப், கிம்ப் போன்ற மென்பொருள்கள் பொதுவாக ஒவ்வொன்றின் செறிவையும் 0 முதல் 255 வரை மாற்றுகின்றன. ஆகவே 256 × 256 × 256, அதாவது 1,67,77,216 நிறச் சேர்க்கைகள் கிடைக்கின்றன. மூன்று நிற ஒளிகளைக் கொண்டு வண்ணப்படம் உண்டாக்கலாம் என்று ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1861-இல் லண்டனில் செய்து காட்டினார்.

தாளோ தானாக ஒளிர்வதில்லை. அதன்மேல் விழும் வெள்ளொளியில் ஒரு பகுதியை மை விழுங்கிவிட, எஞ்சியதே நம்மை வந்தடைகிறது. சயான் மை சிவப்பையும், மெஜந்தா மை பச்சையையும், மஞ்சள் மை நீலத்தையும் விழுங்குகின்றன. மூன்றையும் சேர்த்தால் கருமை வரவேண்டும் அல்லவா? மைகள் முற்றிலும் தூயவையல்ல என்பதால் கலங்கிய பழுப்பே வருகிறது. எனவேதான் கறுப்பு மை நான்காவதாகச் சேர்கிறது. திரை கூட்டுகிறது, மை கழிக்கிறது. கழித்துப் பெறும் நிறம், திரையின் மிகப் பளிச்சென்ற பச்சையையும் நீலத்தையும் எட்ட முடியாது. இந்த நான்கு மைகளில் படம் எப்படித் தோன்றும் என்பதை முன்கூட்டியே காட்டும் வசதி மென்பொருளில் உண்டு. அதைப் பார்த்தபின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

அடுத்து, முகம் ஏன் உடைந்தது? நம் கண் சுமார் 1 நிமிடக் கோணம் வரை நுணுக்கத்தைப் பிரித்தறியும். 30 சென்டிமீட்டர் தொலைவில் இது ஏறத்தாழ 0.09 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால், ஒரு புள்ளியின் அகலம் 25.4 ÷ 300 = 0.085 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. 210 × 297 மில்லிமீட்டர் கொண்ட ஏ4 அட்டைக்கு இந்தக் கணக்கில் 2480 × 3508 புள்ளிகள் தேவை. கைப்பேசியில் சுருக்கி அனுப்பப்பட்ட, 1080 புள்ளி அகலமுள்ள படத்தை அதே அட்டையில் பரப்பினால் ஒரு புள்ளி 0.19 மில்லிமீட்டராகிவிடும், கட்டங்கள் தெரியத் தொடங்கும். மென்பொருளில் பெரிதாக்கினால் தீராதோ என்று கேட்கலாம். அது அருகிலுள்ள புள்ளிகளைக் கொண்டு இடைவெளியை நிரப்புமேயன்றி, படத்தில் பதிவாகாத புருவத்தையும் இமையையும் உள்ளபடி மீட்டுத் தராது.

வெட்டும்போது கத்தி சற்றே விலகலாம். அதனால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் படத்தை நீட்டி, 216 × 303 மில்லிமீட்டராக அமைப்பது வழக்கம். எழுத்துகளை ஓரத்திலிருந்து நன்கு உள்ளே தள்ளி வைக்க வேண்டும்.

இப்போது உங்கள் கையிலுள்ள ஏதேனும் ஓர் இதழின் வண்ண அட்டையை உருப்பெருக்கி வழியே பாருங்கள். நான்கு நிறப் புள்ளிகள் வெவ்வேறு கோணங்களில் வரிசையாக நிற்பது தெரியும். சயான் 15 பாகை, மெஜந்தா 75, மஞ்சள் 0, கறுப்பு 45 என்பது வழக்கமான அமைப்பு. கோணங்கள் எதற்கு? கொசுவலையை இரண்டாக மடித்துச் சற்றே திருப்புங்கள். அலையலையாகக் கோடுகள் ஓடும். பாடகரின் முகத்தில் அந்த அலைகள் கண்ணை உறுத்தாமல் காப்பவை இக்கோணங்களே!